தோங் எத்தனை நாள் வந்தது என்று கேளுங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் டவுனிலிருந்து லிந்தாங் போகும் சடக்கில் (சாலையில்) திரும்பினாலும் சரி, டோவன்பி, ஹீவுட் தோட்டங்கள் பக்கம் போனாலும் சரி, கேஸ் தோங்கோ (சிலிண்டரோ) அரிசி மூட்டையோ பார்சலோ கொண்டுபோகிறவருக்குப் பல வீடுகளில் கதவு திறப்பது வயதானவர்கள்தான். ரப்பர் மரங்கள் இருந்த காலத்தில் அன்றாடம் பால் வெட்ட ஆள் வேண்டியிருந்தது. செம்பனையில் ஒரே நிரைக்குப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போய்க் குலை அறுத்தால் போதும். வேலை சுருங்கியது. பிள்ளைகள் கோலாலம்பூர், ஜொகூர், சிங்கப்பூர் என்று போனார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலும், குடியிருப்புப் பகுதியான தாமானிலும் தங்கிவிட்டவர்கள் அந்தக் காலத்துப் பால்வெட்டுக்காரர்கள், இப்போது தாத்தா பாட்டிகள்.

அந்த வாசலுக்குத் தவறாமல் வருகிற ஒரே ஆள் டெலிவரிக்காரர்தான் என்கிற வீடுகள் உண்டு. அவரிடம் "அன்பா நடந்துக்கங்க" என்று எல்லாரும் சொல்கிறார்கள். எப்படி என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அன்புக்கும் கைப்பழக்கம் வேண்டும். தெரியாமல் செய்கிற உதவியால் ஆள் விழுவதும் உண்டு, ஆஸ்பத்திரிக்குப் போவதும் உண்டு.

முதலில் நேரம். காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் இந்த வீடுகளை முடித்துவிடுவது நல்லது. பசியாறி, மாத்திரை போட்டு, வெயில் ஏறுவதற்கு முன்னால் உள்ள நேரம் அது. மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று வரை படுத்திருப்பார்கள். தூக்கத்திலிருந்து அடித்துப் பிடித்து எழுந்து வருகிறவர்தான் தடுக்கி விழுகிறார். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். அதனால் பத்து நிமிடம் முன்னாடியே போன் அடித்து, "பாட்டி, கேஸ் கொண்டுட்டு வர்றேன், மெதுவா எழுந்து வாங்க, நான் நிக்கிறேன்" என்று சொல்லிவிட வேண்டும். இருட்டிய பிறகு போகவே வேண்டாம். இரவு ஏழு மணிக்குத் தெரியாத குரல் கூப்பிட்டால் அவர்களுக்குப் பயம்தான் வரும்.

வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றிவிடுங்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட தலையிடம் யார் கதவைத் திறப்பார்கள்? கிரிலை ஒட்டி நிற்காமல் இரண்டடி தள்ளி, உள்ளிருந்து முகம் தெரிகிற மாதிரி நில்லுங்கள். ஒருமுறை கூப்பிட்டுப் பேரைச் சொன்னால் போதும். தடியோ நான்கு கால் ஊன்றியோ வைத்திருப்பவர் அடுப்படியிலிருந்து முன்வாசலுக்கு வர இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் கிரிலைத் தட்டிக்கொண்டே இருந்தால் உள்ளே இருப்பவர் நடையை வேகப்படுத்துவார். ஆறு வீட்டுக்கு மூன்று நிமிடம் கூடுதலாகக் கொடுத்தால் பதினெட்டு நிமிடம். ஆப் கணக்கில் இதற்கு இடமில்லை என்பது உண்மை. அதனால்தான் இந்த வீடுகளை அங்கங்கே சிதறவிடாமல் ஒரே சுற்றில் சேர்த்து வைக்கச் சொல்கிறேன்.

காது கேட்காதவரிடம் கத்தாதீர்கள். முகத்துக்கு நேராக நின்று, கீச்சென்று இல்லாமல் கட்டைக் குரலில், நிறுத்தி நிறுத்திப் பேசினால் உதட்டைப் பார்த்தே பாதி புரிந்துகொள்வார்.

இனி கேஸ் தோங். வீட்டில் இருக்கும் 14 கிலோ தோங்கில் இரும்பு மட்டுமே ஏறக்குறைய 15 கிலோ வரும். ஆக மொத்தம் 29 கிலோ. காலித் தோங்கின் எடை தோங்கின் மேலேயே அடித்திருக்கும். இதைக் கேட்டுக்கு வெளியே இறக்கி வைத்துவிட்டுப் போவது டெலிவரி ஆகாது. தனியாக இருக்கும் பாட்டி அதை உருட்டப் பார்ப்பார், இடுப்பு போகும். அடுப்படி வரை கொண்டுபோய் மாட்டி, எரியவிட்டுக் காட்டிவிட்டுத்தான் வர வேண்டும். தூக்குகிறவரும் முழங்காலை மடக்கி, தோங்கை உடம்போடு ஒட்டித் தூக்க வேண்டும். ஆளுக்கு இருப்பது ஒரே முதுகு.

தோங்கைக் கழற்றுவதற்கு முன்னால் அடுப்பை மட்டும் பார்த்தால் பத்தாது. சாமி மேடையைப் பாருங்கள். விளக்கு எரிகிறதா, ஊதுபத்தி புகைகிறதா, சாம்பிராணிக் கரண்டியில் கங்கு இருக்கிறதா? சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து போய்க் தாழ்வான மேடையில் இருக்கிற விளக்கைத் தொடும். "பாட்டி, சாமி வெளக்கக் கொஞ்சம் மலையேத்திடவா? கேஸ் மாட்டினதும் நீங்களே ஏத்திக்கங்க" என்று கேட்டுச் செய்யுங்கள். கேட்காமல் அணைத்தால் மனம் சங்கடப்படும். வாயால் ஊதியும் அணைக்காதீர்கள், பூவாலோ விரலாலோ திரியை உள்ளே இழுத்துவிடுங்கள்.

பிறகு அடுப்புக் குமிழ் எல்லாம் மூடி, ரெகுலேட்டரையும் மூடி, அதற்குப் பிறகு கழற்றுங்கள். புதுத் தோங்கின் வாய்க்குள் கறுப்பு ரப்பர் வளையம் இருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று கைப்பேசி வெளிச்சத்தில் பாருங்கள். மாட்டிய பிறகு கசிகிறது என்றால் பெரும்பாலும் இந்த வளையம்தான் காரணம். வளையம் சரியில்லாத தோங்கை அழுத்தி மாட்டிச் சரிக்கட்டப் பார்க்காமல் வேறு தோங் எடுத்து வாருங்கள். மாட்டியதும் ரெகுலேட்டரை மெல்ல மேலே இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் சரியாக உட்காரவில்லை.

ரப்பர் குழாயை வளைத்துப் பாருங்கள். வளைவில் வெடிப்பு தெரிந்தால், அமுக்கினால் கல் மாதிரி இருந்தால், எலி கடித்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். லயத்து வீட்டில் எலிதான் முதல் எதிரி. அடுப்புக்குப் பின்னால் சூடு படுகிற மாதிரி குழாய் போயிருந்தால் முன்பக்கமாகத் திருப்பிவிடுங்கள். குழாயின் இரண்டு முனையிலும் இறுக்கும் வளையம் இருக்க வேண்டும். கம்பி சுற்றியிருப்பதை அப்படியே விட்டுவிடக் கூடாது.

அடுத்தது சோப்புத் தண்ணீர். தட்டு கழுவும் சோப்பைக் கொஞ்சம் தண்ணீரில் கலக்கி, பஞ்சால் தொட்டு ரெகுலேட்டர் உட்காரும் இடத்திலும் குழாயின் இரண்டு முனையிலும் தடவுங்கள். குமிழ் குமிழாக முட்டை விட்டுக்கொண்டே இருந்தால் கசிவு. நெருப்புக் குச்சி வைத்துப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அந்த வேலையே ஆகாது. கசிந்தால் ரெகுலேட்டரை மூடி, கழற்றி, கதவு ஜன்னலைத் திறந்து, தோங்கை வெளியே கொண்டுபோங்கள். விளக்கு சுவிட்சையோ காற்றாடி சுவிட்சையோ தொடக்கூடாது, போடுவதற்கும் சரி, அணைப்பதற்கும் சரி. நிற்காமல் சீறினால் பாட்டியை அழைத்துக்கொண்டு வெளியே வந்து 999 அடித்து, தீயணைப்புப் படையான பொம்பாவைக் கூப்பிடுங்கள்.

"மணம் வந்தால் அவர்களுக்கே தெரியுமே" என்று விட்டுவிட முடியாது. கேஸுக்கு மணமே கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்றுதான் நாற்றம் சேர்க்கிறார்கள். வயது ஏற ஏற மூக்கு மழுங்கும். இளையவருக்கு வாசலிலேயே அடிக்கிற நாற்றம் எண்பது வயதுக்காரருக்கு அடுப்படியில் நின்றாலும் தெரியாமல் போகலாம்.

கடைசியாக அவர் கையாலேயே ரெகுலேட்டரை மூடித் திறக்கச் சொல்லுங்கள். விரல் மூட்டு இறுகிப்போனவருக்கு அது எந்தப் பக்கம் மூடியிருக்கிறது என்பதே குழப்பம். அங்கே அச்சடித்திருக்கும் எழுத்து கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. மூடும் பக்கத்தில் சிவப்பு நகச்சாயம் ஒரு சொட்டு வைத்துவிட்டால் போதும். "செவப்பு மேல வந்தா அடுப்பு தூங்குது பாட்டி" என்று ஒரு தரம் சொன்னால் மறக்க மாட்டார்.

இதைவிடப் பெரிய வேலை ஒன்று இருக்கிறது, அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. சுவரில் தொங்கும் நாள்காட்டியில் தோங் மாட்டிய தேதியில் ஒரு வட்டம் போடுங்கள். அடுத்த முறை போகும்போது பழைய வட்டத்திலிருந்து எண்ணிப் பாருங்கள். ஒற்றை ஆள் அளவாகச் சமைத்தால் 14 கிலோ இரண்டு மூன்று மாதம் வரும். வீட்டுக்கு வீடு மாறும். அந்த வீட்டின் கணக்கு என்ன என்பதுதான் முக்கியம். எப்போதும் பத்து வாரம் வந்த தோங் இருபது வாரம் வந்தால் சிக்கனம் என்று மெச்சாதீர்கள். சமைப்பதை விட்டுவிட்டார் என்று அர்த்தம். கோப்பியும் கிரீம் கிரேக்கர் ரொட்டியுமாக நாள் ஓடுகிறது. பல் வலியாக இருக்கலாம், நிற்க முடியாமல் கால் வீங்கியிருக்கலாம், துணை போன பிறகு யாருக்குச் சமைப்பது என்று ஆகியிருக்கலாம். பத்து வாரத் தோங் ஐந்து வாரத்தில் தீர்ந்தால் அதுவும் கவலைதான். கசிவாக இருக்கும், இல்லை அடுப்பை அணைக்க மறக்கிறார். அடிப்பிடித்துக் கறுத்த சட்டி ஒன்றிரண்டு கண்ணில் படும். ஞாபகம் தடுமாறுவதை டாக்டர் கண்டுபிடிப்பதற்கு முன்னால் தோங் சொல்லிவிடும். இரண்டில் எதுவானாலும் பிள்ளைகளுக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும்: "அம்மாவுக்கு இந்தத் தடவ கேஸ் அஞ்சு வாரத்துல முடிஞ்சிருச்சிங்க, ஒருதரம் வந்து பாருங்க." குற்றம் சொல்லும் குரல் வேண்டாம், தேதியைச் சொன்னால் போதும்.

கடைச் சாமான்களில் கவனிக்க வேண்டியது உயரமும் முடிச்சும். எதையும் தரையில் வைக்காதீர்கள்; குனிந்து நிமிரும்போதுதான் தலை சுற்றுகிறது. இடுப்பு உயரத்தில் மேசை மேல் வையுங்கள். பத்துக் கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு ஐந்து கிலோ பை எடுத்து வரலாமா என்று கேளுங்கள். கடைக்காரர் பிளாஸ்டிக் பையை இறுக்கிப் போடும் முடிச்சு அவர்களால் அவிழ்க்க முடியாதது. கத்தியால் அறுக்கப் போய்க் கையைக் கிழித்துக்கொள்வார்கள். முடிச்சை அவிழ்த்துவிட்டு வாருங்கள். ஒரு கிலோ எண்ணெய்ப் பாக்கெட்டை வெட்டிப் போத்தலில் ஊற்றிக்கொடுங்கள். வழவழ பாக்கெட் நழுவி எண்ணெய் தரையில் கொட்டினால் அடுத்தது வழுக்கி விழுவதுதான். சார்டின் டின் திறக்க வளையம் இருக்கிற வகையா என்று கடையிலேயே பாருங்கள்.

பணம். கேஸின் கட்டுப்பாட்டு விலை கிலோவுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்) 90 காசு. 14 கிலோவுக்கு 26 வெள்ளி 60 காசு. அதற்கு மேல் வாங்குவது கொண்டுவரும் கூலி. இரண்டையும் தனித்தனியாகச் சொல்லிவிடுங்கள். மொத்தமாக ஒரு தொகையைச் சொன்னால், பிறகு பக்கத்து வீட்டில் விலை கேட்டு மனம் கசக்கும். பர்ஸை நீட்டி "நீயே எடுத்துக்க தம்பி" என்பார்கள். எடுக்காதீர்கள். ஒவ்வொரு நோட்டாக அவர் கையிலிருந்து வாங்கி, அது எத்தனை வெள்ளி என்று சொல்லுங்கள். கண்ணில் புரை விழுந்தவருக்கு பச்சை 5 வெள்ளியும் நீலப்பச்சை 50 வெள்ளியும் ஒன்று போலவே தெரியும். விரலுக்கு வித்தியாசம் தெரியும்: 1 வெள்ளியும் 5 வெள்ளியும் வழவழப்பான பிளாஸ்டிக், 10 வெள்ளியும் அதற்கு மேல் உள்ளதும் எல்லாம் காகிதம். இதைச் சொல்லித் தந்தால் அடுத்த முறை அவரே தடவிப் பார்த்துக் கொடுப்பார். மீதியையும் உரக்க எண்ணி உள்ளங்கையில் வையுங்கள். ஏடிஎம் கார்டு, ரகசிய எண், வீட்டுச் சாவி, அடையாளக் கார்டு இந்த நான்கையும் எவ்வளவு நம்பிக் கொடுத்தாலும் கையில் வாங்காதீர்கள். நாளைக்கு ஒன்று காணாமல் போனால் அந்த உறவே போய்விடும்.

ஆர்டர் பண்ணாத பார்சலுக்குப் பணம் கேட்டு வருவது இப்போது அதிகம் கேள்விப்படும் மோசடி. மகன் ஆர்டர் பண்ணியிருப்பான் என்று நினைத்துப் பாட்டி கட்டிவிடுவார். வாசலில் பணம் வாங்கும் பார்சல் என்றால், "யார் ஆர்டர் பண்ணது பாட்டி? போன் போட்டுக் கேட்டுட்டுக் கட்டுங்க, நான் நிக்கிறேன்" என்று சொல்லுங்கள். யாருக்கும் தெரியவில்லை என்றால் வாங்க வேண்டாம், திருப்பி அனுப்பலாம். போனில் யாரோ போலீஸ் என்று சொல்லி வங்கிப் பணத்தை மாற்றச் சொன்னதாக அவர் சொன்னால் அந்த நிமிடமே 997 அடிக்க வையுங்கள், மோசடி புகாருக்கான எண் அதுதான்.

நல்ல மனசோடு செய்கிற கெடுதல் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். டயாலிசிஸ் போகிற வீட்டுக்கு இளநீர் வாங்கிப் போகாதீர்கள். அதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு அது ரத்தத்தில் தேங்கி இதயத்தையே நிறுத்திவிடும். பெலிம்பிங் பழம் (நட்சத்திரப் பழம்) அதைவிட ஆபத்து, மூளையைத் தாக்கும். டயாலிசிஸ் வழக்கமாக வாரம் மூன்று நாள், நான்கு மணி நேரம்; திங்கள் புதன் வெள்ளியா, செவ்வாய் வியாழன் சனியா என்று குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ஆள் வீட்டில் இருக்க மாட்டார், இருந்தாலும் எழுந்து வரத் தெம்பு இருக்காது. ஊசி போடுவதற்காக ரத்தக்குழாய் இணைத்த கை புடைத்திருக்கும். அந்தக் கையில் பையை மாட்டிவிடாதீர்கள், அந்தக் கையைப் பிடித்துத் தூக்கவும் கூடாது.

இனிப்பு நீர்க்காரர் (நீரிழிவு உள்ளவர்) வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறினால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். "பசியாறிட்டீங்களா?" என்ற கேள்வி அதற்குத்தான் உதவும். மருந்து போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருப்பார். நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால் மட்டும், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடுத்து, ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

வாய் ஒரு பக்கம் கோணுகிறது, இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று இறங்கிவிடுகிறது, பேச்சு குழறுகிறது, இதில் ஒன்று தெரிந்தாலும் அது பக்கவாதமாக இருக்கலாம். 999 அடியுங்கள். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று கேட்டுக் குறித்துவைத்து ஆம்புலன்ஸில் வருபவரிடம் சொல்லுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம். விரல் நுனியில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கச் சொல்லும் வாட்ஸ்அப் செய்தியை நம்பி நேரத்தைத் தொலைக்காதீர்கள்.

கூப்பிட்டும் பதில் இல்லை. நேற்றைய பார்சல் கேட்டிலேயே கிடக்கிறது. பகலில் அஞ்சடி (முன்தாழ்வாரம்) விளக்கு எரிகிறது. நாய் பசியில் சுற்றுகிறது. தினமும் பெருக்கும் வாசலில் இலை குவிந்திருக்கிறது. இதில் இரண்டு சேர்ந்தாலே போய்விடக்கூடாது. போன் அடித்து மணி உள்ளே கேட்கிறதா என்று காது கொடுங்கள். பக்கத்து வீட்டைக் கூப்பிடுங்கள், சேர்ந்து பின்பக்கம் போய் ஜன்னல் வழியாகப் பாருங்கள், பிள்ளைகளுக்குப் போன் போடுங்கள். தனியாளாகக் கதவை உடைக்காதீர்கள். விழுந்து கிடப்பது தெரிந்தால் 999. உள்ளே போக முடிந்தாலும் கையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைக்கக் கூடாது. ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு போயிருக்கிறது. போர்வை போர்த்திப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள்.

தோட்டத்து விலாசத்தை நம்பி ஆம்புலன்ஸ் வந்தால் வழி தவறும். கைப்பேசி வரைபடத்தில் இடக்குறி விழுவது பல நேரம் தோட்ட ஆபீஸ் வாசலில்தான். இரண்டாம் டிவிஷன் லயத்தில் ஒரே வீட்டு எண் இரண்டு இடத்தில் இருக்கும். ஒருவர் மோட்டாரோடு மெயின் ரோட்டில், கோயில் வளைவுக்குக் கீழே விளக்கைப் போட்டு நின்று ஆம்புலன்ஸை அழைத்து வர வேண்டும். கேட்டில் காவலாளியான ஜாகாவுக்கும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

ஆபத்து இல்லை, ஆனால் பார்க்க ஆளில்லை, சாப்பாட்டுக்கே தடுமாற்றம் என்று தெரிந்தால் 15999. அரசாங்கத்தின் உதவி எண், சமூகநல இலாகாவுக்குத் தகவல் போகும். அழைப்பதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கொடுத்ததற்கு அத்தாட்சியாகப் படம் எடுக்க வேண்டியிருந்தால் பார்சலையும் வாசலையும் எடுங்கள். தாத்தா முகத்தை எடுக்காதீர்கள். அரிசி மூட்டையைத் தூக்கிக் கொடுத்ததை டிக்டாக்கில் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாற்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிப் பிள்ளைகளை ஆளாக்கியவர், காசு கொடுத்துப் பொருள் வாங்குகிறார். அவரை ஊர் பார்க்க இரக்கத்துக்குரியவராகக் காட்ட யாருக்கும் உரிமை கிடையாது. அவர் கொடுக்கும் அரைக் கிளாஸ் கோப்பியை மறுக்காதீர்கள். அவசரம் என்றால் நின்றபடி குடியுங்கள். கொடுப்பதற்கு அவரிடமும் ஒன்று இருக்கிறது.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் கொஞ்சம். ஆர்டர் குறிப்பில் "மெதுவாக நடப்பார், காத்திருக்கவும்" என்று எழுதுங்கள். "தனியாக இருக்கிறார்" என்று எழுதாதீர்கள், யார் யார் கண்ணிலோ படும். கிரிலுக்கு உள்ளே இடுப்பு உயர மேசை ஒன்று போடுங்கள். முடிந்தவரை பணத்தை முன்கூட்டியே கட்டிவிடுங்கள். பக்கத்து வீட்டு எண்ணையும் உங்கள் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள்.

வண்டியில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். வீடு, தோங் தேதி, டயாலிசிஸ் நாள், எந்தக் காது கேட்கும், நாய் கடிக்குமா, பிள்ளை எண். வேறு எதுவும் வேண்டாம், நோட்டைப் பிறர் கண்ணில் படும்படி போடவும் வேண்டாம். வேலை மாறிப் போகும்போது இந்த நோட்டை மட்டும் கொடுத்தால் பத்தாது. கடைசிச் சுற்றில் புது ஆளையும் ஏற்றிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு கிரில் முன்னாலும் இருவரும் ஹெல்மெட் இல்லாமல் நின்று, "பாட்டி, அடுத்த மாசத்துலேர்ந்து இந்தத் தம்பிதான் வருவாரு. நல்லாப் பாத்துக்கங்க. போன்ல ரெண்டு தரம் மணி அடிச்சு நிறுத்திட்டு, மூணாவதா கூப்பிடுவாரு. அப்படி வந்தாதான் கதவத் தொறக்கணும்" என்று சொல்லுங்கள். அவர் புது முகத்தை நன்றாகப் பார்த்துத் தலையாட்டும் வரை நில்லுங்கள்.